மாமாவின் மேசையில் கவர்னர்களின் கையெழுத்து

பாரிமுனையிலிருந்து மண்ணடிக்குப் போகிற சந்துகளில் ஒன்றில் என் தாய்மாமா முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு சின்ன மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கிழிந்த நோட்டு மாற்றித் தருவதுதான் தொழில். எலி கடித்தது, எண்ணெய் ஊறியது, சட்டைப் பையோடு துவைத்ததில் கூழானது, நடுவில் இரண்டாகப் போனது, எல்லாம் அவரிடம் வரும். நோட்டு இருக்கிற இருப்பைப் பார்த்து நூற்றுக்கு ஐந்தோ பத்தோ பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். சேர்ந்ததைக் கட்டுக் கட்டாக அடுக்கி ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கிக்கு எடுத்துப் போவார். வடசென்னைக்காரர்களில் பாதிப் பேருக்கு ரிசர்வ் வங்கி என்றால் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற சப்வேதான் ஞாபகம் வரும். எனக்கு அது மாமா காக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும் வாசல்.

எண்பதுகளின் கடைசியில், பள்ளிக்கூட லீவில் வியாசர்பாடியிலிருந்து பஸ் ஏறி அவர் மேசைக்குப் போய்விடுவேன். நோட்டுகளைப் பிரித்து அடுக்குவது என் வேலை. மாமாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, இந்தியும் தெரியாது. ஆனால் நோட்டில் இருக்கும் ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்தைப் பார்த்தால் ஆள் யார் என்று சொல்லிவிடுவார். "இது ஜெகந்நாதன், பழசு, மெதுவா புடி. இது பூரி. இது பட்டேல். இது சிங்கு. இது இப்ப இருக்கிற மல்ஹோத்ரா." தாள் எத்தனை வருஷம் கைமாறியிருக்கும் என்று கணக்குப் போட அவருக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். எனக்கோ அதுதான் முதல் வரலாற்றுப் பாடம். அந்தப் பெயர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் இத்தனை வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாமா இப்போது வீட்டோடு இருக்கிறார், போன வாரம் பார்த்துவிட்டு வந்தேன், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நோட்டில் இந்தியிலும் இங்கிலீஷிலும் ஒரு வாக்கியம் இருக்கும், கவனித்திருப்பீர்கள். இதை வைத்திருப்பவருக்கு இத்தனை ரூபாய் தருவதாக நான் உறுதி அளிக்கிறேன் என்று. அந்த 'நான்' யார்? கீழே கையெழுத்துப் போட்ட கவர்னர். நூற்று நாற்பது கோடிப் பேருக்கு ஒரு மனிதர் தன் பெயரில் கொடுக்கும் வாக்கு அது. ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் அந்த வாக்கு கிடையாது, ஏனென்றால் அது அரசாங்கமே வெளியிடுவது, நிதி அமைச்சகத்துச் செயலாளர்தான் கையெழுத்துப் போடுவார்.

வேடிக்கை என்னவென்றால் முதல் கவர்னர் ஒரு நோட்டில்கூடக் கையெழுத்துப் போடவில்லை. 1935 ஏப்ரல் 1ஆம் தேதி வங்கி தொடங்கியபோது வந்தவர் சர் ஆஸ்போர்ன் ஸ்மித், ஆஸ்திரேலியாவிலும் பிறகு இங்கே இம்பீரியல் பாங்கிலும் வேலை பார்த்த தொழில்முறை பாங்கர். அப்போது வைஸ்ராய் சபையில் நிதி உறுப்பினராக, அதாவது இன்றைய நிதி அமைச்சர் மாதிரி, இருந்த ஜேம்ஸ் கிரிக்குக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை, வட்டி விகிதத்திலும் ரூபாயின் மாற்று மதிப்பிலும் முட்டிக்கொண்டார்கள், 1937 ஜூன் மாதத்தோடு ஸ்மித் போய்விட்டார். ரிசர்வ் வங்கியின் முதல் நோட்டு வந்ததே 1938 ஜனவரியில்தான், அதில் இரண்டாவது கவர்னர் ஜேம்ஸ் டெய்லரின் கையெழுத்து. ஆக, முதல் கவர்னரே டெல்லியோடு சண்டை போட்டு வெளியேறியவர். இதை நான் ஒரு விதை மாதிரிப் பார்க்கிறேன், பின்னால் வந்த எல்லாக் கதையும் இதிலேயே இருக்கிறது.

டெய்லர் எங்கள் வீட்டுக்கும் கொஞ்சம் உறவு. எப்படி என்றால், அன்றைக்குப் பர்மாவுக்கும் இந்த ரிசர்வ் வங்கிதான் மத்திய வங்கி, 1947 வரைக்கும். ரங்கூனில் புழங்கிய நோட்டிலும் டெய்லரின் கையெழுத்துதான். என் தாத்தா அங்கே அரிசி மில்லில் கணக்கு எழுதியவர். சாகும்வரை ஒரு பத்து ரூபாய் பர்மா நோட்டைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார், இப்போது அது என்னிடம் இருக்கிறது. 1964இல் அவர்கள் எல்லோரும் கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், மே 17ஆம் தேதி, அந்த நாட்டு அரசாங்கம் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டெல்லாம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. "ராத்திரி பணமா இருந்தது, காலைல காகிதமா இருந்தது" என்று தாத்தா சொல்லும்போது குரலில் கோபம்கூட இருக்காது. வியாசர்பாடி பி.வி. காலனியிலும் பர்மா பஜாரிலும் இந்தக் கதை இல்லாத குடும்பம் குறைவு. நோட்டில் கையெழுத்துப் போடுகிறவரின் வாக்கு எவ்வளவு கனமானது என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

டெய்லர் 1943இல் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். அப்புறம்தான் முதல் இந்தியர், சி.டி. தேஷ்முக். உலக வங்கியும் ஐ.எம்.எஃப். என்கிற சர்வதேச நிதியமும் உருவான பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போனவர், வங்கி 1949 ஜனவரி 1இல் தேசியமயமானபோது கவர்னராக இருந்தவர், பிறகு நிதி அமைச்சராகவும் ஆனார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவருக்கு அடுத்து வந்த பெனகல் ராம ராவின் கதை. நம்ம மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1949இலிருந்து 1957 வரை, ஏழரை வருஷம், அந்த நாற்காலியில் அவரைவிட அதிக காலம் உட்கார்ந்தவர் இன்றுவரை யாரும் இல்லை. நிதி அமைச்சராக டி.டி. கிருஷ்ணமாச்சாரி வந்தார், அவரும் மெட்ராஸ்காரர், கெட்டிக்காரர், ஆனால் நாக்கு கொஞ்சம் சூடு. 1956 கடைசியில் வணிக உண்டியல்களுக்கான, அதாவது இன்ன தேதியில் பணம் தருவதாக வியாபாரிகள் எழுதிக்கொள்ளும் பத்திரங்களுக்கான, முத்திரைத் தீர்வையை அவர் ஏற்றினார். பார்ப்பதற்குச் சாதாரண வரி மாதிரி இருக்கும். ஆனால் வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்குவது அந்த உண்டியல்களை வைத்துத்தான், எனவே தீர்வை ஏறினால் வட்டி ஏறிய மாதிரியே. வட்டியை முடிவு செய்கிற வேலை என்னுடையது, என்னைக் கேட்காமல் பின்வாசல் வழியாக நீங்கள் எப்படி அதைச் செய்யலாம் என்று ராம ராவ் எதிர்த்தார். ரிசர்வ் வங்கி நிதி அமைச்சகத்தின் ஒரு பிரிவுதான் என்கிற தோரணையில் டி.டி.கே. பேசினார். விஷயம் நேருவிடம் போனது. நேரு அமைச்சர் பக்கம் நின்றார். 1957 ஜனவரியில் ராம ராவ் ராஜினாமா செய்துவிட்டார்.

ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்கியது, முந்த்ரா என்கிற தொழிலதிபரின் கம்பெனிகளுக்கு எல்.ஐ.சி. பணம் போன வழி வெளியே வந்து, 1958 பிப்ரவரியில் டி.டி.கே.வும் பதவி விலகினார். அதை வைத்து ராம ராவ் ஜெயித்தார் என்று சொல்ல வரவில்லை. டி.டி.கே. போனாலும் அவர் சொன்ன அந்த 'ஒரு பிரிவு' என்கிற எண்ணம் டெல்லியில் அப்படியே தங்கிவிட்டது, அதுதான் என் வருத்தம். சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. கவர்னரை நியமிப்பது மத்திய அரசு, ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஐந்து வருஷம். 7ஆவது பிரிவின்படி கவர்னரைக் கலந்துகொண்டு, பொது நலன் கருதி வங்கிக்கு அரசு உத்தரவே போடலாம். இதுவரை முறைப்படி ஒரு உத்தரவும் போட்டதில்லை என்றாலும், அந்தப் பிரம்பு மூலையில் சாத்தி வைத்தபடி இருக்கிறது.

ராம ராவுக்குப் பிறகு அம்பேகாங்கர் ஒன்றரை மாதம் பார்த்துக்கொண்டார், பிறகு எச்.வி.ஆர். ஐயங்கார். அவர் காலத்தில் 1960இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பாங்க் கவிழ்ந்தது. அதன் விளைவாகத்தான் 1962 ஜனவரியிலிருந்து டெபாசிட்டுக்குக் காப்பீடு வந்தது, முதலில் 1,500 ரூபாய் வரைக்கும், இப்போது 5 லட்சம். நம்ம பாரிமுனை பக்கத்தில் 1906இல் ஜனங்கள் பணம் போட்டு வைத்திருந்த ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஊரே அழுதபோது இப்படி ஒன்று இருந்ததில்லை. அந்த அழுகையிலிருந்துதான் மறு வருஷம் இந்தியன் வங்கி பிறந்தது. அதே இந்தியன் வங்கி 1969 ஜூலை 19இல் தேசியமயமான பதினான்கில் ஒன்று, அப்போது கவர்னர் எல்.கே. ஜா.

அடுத்து வந்தவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சருக்கை ஜெகந்நாதன், ஐ.சி.எஸ். அதிகாரி. நெருக்கடி நிலை வந்த பிறகு எல்.ஐ.சி.யிலிருந்து கொண்டுவரப்பட்ட கே.ஆர். பூரி. 1977இல் எம். நரசிம்மம், ஏழே மாதம், ஆனால் ரிசர்வ் வங்கியில் ஊழியராகச் சேர்ந்து கவர்னர் ஆனவர் இன்றுவரை அவர் ஒருவர்தான், இது எனக்கு ஏற்க முடியாத விஷயம். வங்கிக்குள்ளேயே ஆயுளைக் கழித்த ஆட்களில் இன்னொருவருக்குத் தகுதி இல்லாமலா போனது? ஐ.ஜி. பட்டேல் இருக்கும்போது 1978 ஜனவரியில் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் நோட்டுகள் செல்லாமல் போயின. இதனால் பெரிய பலன் இருக்காது, கறுப்புப் பணக்காரன் பணத்தைப் பெட்டியில் நோட்டாகவா வைத்திருப்பான் என்பது அவர் எண்ணம், நிதி அமைச்சரிடம் அதைச் சொல்லவும் செய்தார். நாற்பது வருஷம் கழித்து அதை நினைத்துப் பார்த்தவர்கள் உண்டு.

மன்மோகன் சிங் 1982இலிருந்து 85 வரை. அவருக்கும் ஆர்.என். மல்ஹோத்ராவுக்கும் நடுவில் இருபது நாள் மட்டும் அமிதவ் கோஷ்.

1990 டிசம்பரில் வந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். பாவம், வந்த நேரம் அப்படி. 91இல் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை. மே மாதம் ஸ்டேட் வங்கி மூலமாக 20 டன் தங்கம் விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கியே 46.91 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பி அடமானம் வைத்தது. அந்த வருஷம் எங்கள் அம்மா சங்கிலியைச் சௌகார்பேட்டையில் வைத்துத்தான் எனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினார். பேப்பரில் அந்தச் செய்தி வந்தபோது அம்மா சொன்னது நினைவிருக்கிறது, "நாட்டுக்கும் இதே கதிதானா, பரவால்ல, மூழ்காம மீட்டுட்டா சரி." மீட்டார்கள். அதே வருஷத்துக்குள் கடனை அடைத்தார்கள். வெங்கிடரமணன் பெயரைக் கேட்டால் பலருக்கு அடுத்த வருஷம் வெடித்த ஹர்ஷத் மேத்தா பங்குச் சந்தை ஊழல்தான் ஞாபகம், அது அவர் பார்வையில் நடந்ததுதான், மறுக்க முடியாது. ஆனால் வீட்டில் கடைசி நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைப் படியேறியவருக்குத்தான் தெரியும் அது எப்படிப்பட்ட வேலை என்று, அதனால் நான் அவரைக் கொஞ்சம் மரியாதையோடுதான் நினைப்பேன். அந்தத் தங்கக் கதைக்குப் பின்பகுதியும் இருக்கிறது. 2009இல் சுப்பாராவ் கவர்னராக இருக்கும்போது ஐ.எம்.எஃப்.பிடமிருந்து 200 டன் தங்கம் வாங்கினோம். சக்திகாந்த தாஸ் காலத்தில் இங்கிலாந்தில் கிடந்ததில் 100 டன்னை இந்தியாவுக்கே எடுத்து வந்துவிட்டார்கள். அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சரி, இத்தனை பேரில் யார் பெரியவர் என்று கேட்டால், நான் அரியலூர்க்காரர் சி. ரங்கராஜனைச் சொல்வேன். காரணம், பெரும்பாலோருக்குத் தெரியாத ஒரு ஒப்பந்தம். அதுவரை மத்திய அரசுக்குப் பணம் குறைந்தால் 'அட்ஹாக்' கருவூல உண்டியல் என்று ஒரு தாளை ரிசர்வ் வங்கியிடம் கொடுக்கும், வங்கி பணம் கொடுத்துவிடும், 4.6 சதவீத வட்டிக்கு, எல்லை கிடையாது. தெருமுனை மளிகைக் கடையில் கணக்கு நோட்டை நீட்டி சாமான் வாங்குகிற மாதிரி, ஆனால் நோட்டில் கடைசிப் பக்கமே இல்லாத மாதிரி. கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லவே முடியாது. அப்படி இறங்குகிற பணம்தான் கடைசியில் மண்ணடி மார்க்கெட்டில் பருப்பு விலையாக ஏறும். 1994 செப்டம்பரில் ரங்கராஜனும் மன்மோகன் சிங்கின் நிதி அமைச்சகமும் சேர்ந்து, மூன்று வருஷத்தில் இதை நிறுத்துவது என்று கையெழுத்துப் போட்டார்கள், 1997 ஏப்ரலில் நிறுத்தியும் விட்டார்கள். ஒரு முன்னாள் கவர்னர் அமைச்சராக இருந்ததால் நடந்தது என்பார்கள், இருக்கலாம். சத்தமில்லாமல் நடந்த இந்த ஒரு காரியத்துக்கு அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

அவர் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. தொண்ணூறுகளில் இந்த ஊரில் தெருவுக்கு ஒரு நிதி நிறுவனம் இருந்தது. எங்கள் வீட்டிலும் ஒன்றில் பதினெட்டாயிரம் ரூபாய் போட்டோம், ஒருநாள் ஷட்டர் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். 1997இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி நிதி நிறுவனங்கள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். எங்களுக்கு அது பிந்திப் போனது. பின்னால் வந்தவர்களில் கொஞ்சப் பேராவது தப்பித்திருப்பார்கள்.

பிமல் ஜலான், ஒய்.வி. ரெட்டி, சுப்பாராவ் மூவரைப் பற்றியும் தனித்தனியாக எழுதலாம், இங்கே சுப்பாராவ் மட்டும். வட்டியைக் குறைக்கவில்லை என்று அன்றைய நிதி அமைச்சர் ப. சிதம்பரம், அரசு தனியாகத்தான் நடக்க வேண்டும் என்றால் தனியாகவே நடப்போம் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2013இல் பதவி முடியும் நேரத்தில் சுப்பாராவ் அதற்குப் பதில் வைத்தார்: ரிசர்வ் வங்கியால் எரிச்சலாகித் தனியாக நடக்கக் கிளம்பினாலும், நல்ல வேளையாக ரிசர்வ் வங்கி இருக்கிறது என்று ஒருநாள் நிதி அமைச்சர் சொல்வார் என்று நம்புவதாக. ராம ராவ் இருந்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

ரகுராம் ராஜன் வங்கிகளின் வாராக்கடன் கணக்கை மூடி மறைக்காமல் திறந்து காட்டச் சொன்னார், மூன்று வருஷத்தில் திரும்பிப் போய்விட்டார். அடுத்து உர்ஜித் பட்டேல் வந்து இரண்டு மாதம், 2016 நவம்பர் 8, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு.

மறுநாள் காலை மாமா மேசையைப் போடவில்லை. அன்றைக்கு நினைத்திருந்தால் சம்பாதித்திருக்கலாம், அந்தச் சந்திலேயே ஆயிரத்துக்கு இருநூறு, முந்நூறு பிடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். மாமா வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "கிழிஞ்ச நோட்டு மாத்துறது தொழிலு. நல்ல நோட்டைக் கிழிஞ்சதுன்னு சொல்லி மாத்துறது தொழில் இல்லடா" என்றார். ரிசர்வ் வங்கி வாசலில் ஆரம்பித்த வரிசை ராஜாஜி சாலையில் நீண்டு கிடந்தது. டிசம்பர் 12இல் வர்தா புயல் வேறு அடித்து, கரண்ட் இல்லை, ஏ.டி.எம். இல்லை, கையில் சில்லறை இல்லை, பால் பாக்கெட் வாங்கக்கூடத் திண்டாடினோம். செல்லாமல் ஆக்கிய 15.41 லட்சம் கோடியில் 99.3 சதவீதம் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டது. ஐ.ஜி. பட்டேல் சொன்னது சரிதான் என்று அந்த எண்ணே சொல்கிறது. அந்த வாரங்களில் கவர்னர் மக்களோடு நேராகப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை, அது எனக்கு இன்றும் ஆறவில்லை. வாக்குக் கொடுத்தது அவர் பெயரில்தானே? ஆனால் அதே உர்ஜித் பட்டேல்தான் 2018 டிசம்பரில், அரசோடு பூசல் முற்றி 7ஆவது பிரிவைப் பற்றிப் பேச்சு அடிபட்டபோது, சொந்தக் காரணங்கள் என்று நான்கு வரி எழுதிவிட்டு எழுந்து போனார். ராம ராவ் போன வழி.

அப்புறம் ஆறு வருஷம் சக்திகாந்த தாஸ், தமிழ்நாடு கேடர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கொரோனா காலத்தைத் தாண்ட வைத்தார், அதற்கு மரியாதை உண்டு. ஆனால் நிதி அமைச்சகத்து அதிகாரிகள் கவர்னர் நாற்காலிக்கு வருகிற வழக்கம் இத்தனை சாதாரணமாகிப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. 2024 டிசம்பரில் வந்த சஞ்சய் மல்ஹோத்ராவும் நிதி அமைச்சகத்திலிருந்துதான். அவர் 26ஆவது கவர்னர். இருபத்தாறு பேரில் ஒரு பெண்கூட இல்லை. துணை கவர்னர் பதவிக்கே முதல் பெண்ணாக கே.ஜே. உதேஷி வந்தது 2003இல்தான்.

போன வாரம் மாமாவைப் பார்க்கப் போனபோது புது நூறு ரூபாய் சலவை நோட்டு ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது, ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தக் கையெழுத்து புதுசா இருக்கே, யாரு?"

"மல்ஹோத்ரா, மாமா."

"மல்ஹோத்ரா எண்பத்தஞ்சுலயே வந்துட்டானேடா."

"அவர் ஆர்.என். இவர் சஞ்சய்."

"புள்ளையா?"

"இல்ல மாமா, உறவு ஒண்ணும் இல்ல. பேருதான் ஒண்ணு."

நோட்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்து, நான்கு முனையையும் விரலால் நீவிவிட்டு, மடிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.